இழந்தவர் யார்? செங்கல்பட்டுக் கடற்கரைப் பள்ளிகளும் இளைஞர்க்கான அறக்கல்வியும்

திருக்குறளின் பொருட்பாலில் ‘வரைவின் மகளிர்’, ‘கள்ளுண்ணாமை’, ‘சூது’ ஆகிய மூன்று அதிகாரங்களும் (92–94) அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்வைப்புமுறை நோக்கத்தக்கது. ஆடவனின் பொருளையும் புகழையும் கெடுப்பன என்னும் நோக்கிலேயே இம்மூன்றும் விலக்கப்படுகின்றன. 1936இல் வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ என்னும் நாவலின் தலைப்பிலும் இப்பார்வையின் தொடர்ச்சி உண்டு. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் அம்மையார். ஆயினும் தலைப்பில் வலை விரிப்பவள் பெண், இழப்பவன் ஆண். எனினும், மதி பெற வேண்டியவன் ஆணே என்று கூறும் அதன் பிற்பகுதி இன்றைய கல்விக்கு உரியது.

சட்டம் இத்திசையில் முன்னரே நகர்ந்துவிட்டது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் இசைவை இசைவாகக் கொள்வதில்லை. சிறுவர், சிறுமியர் இருபாலாரையும் அது காக்கிறது. கடத்தப்பட்டவர் என அறிந்தும் அவரைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துவோரைத் தண்டிக்கும் பிரிவு 2013இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆட்கடத்தலுக்கு எதிரான ஐ.நா. நெறிமுறையும் (2000) சுரண்டலைத் தூண்டும் தேவையைக் கல்வி வழியாகக் குறைக்குமாறு அரசுகளைப் பணிக்கிறது. இந்தியா அதனை 2011இல் ஏற்றது. ஆனால் தண்டனை குற்றத்திற்குப் பின்னரே வரும். முன்னரே வரவல்லது கல்வி.

2019இல் தனி மாவட்டமான செங்கல்பட்டில் இத்தேவை கூடுதலானது. உலக மரபுச் சின்னமான மாமல்லபுரமும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளும் பொருள் படைத்த பயணியரையும் வறிய குடும்பத்துச் சிறாரையும் ஒரே மணற்பரப்பில் சேர்க்கின்றன. இங்குப் பயிலும் மாணவர் நாளை விடுதிப் பணியாளராகவும் வழிகாட்டியாகவும் ஆட்டோ ஓட்டுநராகவும் ஆகக்கூடும். தரகுக்கு அழைக்கப்படும்போது மறுப்பதும், ஐயம் எழுந்தால் 1098க்குத் தெரிவிப்பதும் அவர்தம் கையில் உள்ளன.

இக்கல்வி மாணவரைக் குற்றவாளிகளாகக் கருதும் என்னும் தடை எழலாம். அவ்வாறு நடத்தினால் அது தோற்கும் என்பது உண்மையே. மாணவரைச் சான்றாகவும் துணையாகவும் நிறுத்துவதே சரியான வழி. அதற்குத் தமிழ் வகுப்பு ஏற்ற இடம். மேற்கூறிய அதிகாரத்தையும் நாவலையும் மேல்நிலை வகுப்பில் வைத்து, ‘இங்கு இழந்தவர் யார்?’ என்னும் ஒரு வினாவை எழுப்பினால் போதும். ஆடவனின் பொருளிழப்பிலிருந்து சுரண்டப்பட்டவரின் வாழ்விழப்பிற்கு மாணவர் பார்வை திரும்பும். அவ்வினாவை எழுப்ப ஆசிரியரைப் பயிற்றுவது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடமை.

அம்மையார் பெயரிலான அரசுத் திட்டம் 2022 முதல் ‘புதுமைப் பெண்’ணாக மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது, 2024இல் ‘தமிழ்ப் புதல்வன்’ வழியாக அதே தொகை மாணவர்க்கும் கிட்டியது. அத்தொகையோடு அம்மையார் வேண்டிய மதியும் மாணவரைச் சேர வேண்டும்.