வெளிறிய இமைகள்

பிற்பகலின் முதல் பாடவேளை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேசைமீது தலை சாய்த்திருக்கிறாள். மாடிப்படி ஏறி வந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. வீட்டில் அரிசிப் பானையைத் திறந்து ஒரு பிடி பச்சரிசியை வாயிலிட்டு மெல்வது அண்மையில் அவளைப் பற்றிக்கொண்ட பழக்கம். சோம்பல் என்கிறார் ஆசிரியர். கெட்ட பழக்கம் என்கிறார் தாய். அவளுடைய கீழிமையைச் சற்றே இழுத்துப் பார்த்தால், சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறிக் கிடப்பது தெரியும். இவை இரும்புச்சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகையின் அறிகுறிகள். இத்தகைய பிள்ளை இல்லாத வகுப்பறை நம் நாட்டில் அரிது.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் குருதிச்சோகைக்கு ஆளானவர் என்கிறது. முந்தைய ஆய்வில் இது 54ஆக இருந்தது. நலவாழ்வுத் துறையில் முன்னணியில் நிற்பதாகப் பெருமை கொள்ளும் தமிழகத்திலும் இவ்வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்நிலையில்தான் உள்ளனர். ஆண்பிள்ளைகளும் தப்பவில்லை, நாடு முழுவதிலும் அவர்களில் பத்துக்கு மூவர் குருதி குன்றியவர்.

பூப்பெய்தும் பருவத்தில் உடல் விரைந்து வளர்கிறது; குருதியின் கொள்ளளவு பெருகுகிறது. குருதிக்குச் செந்நிறம் தந்து உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒரு கிராம் உருவாக ஏறத்தாழ 3.4 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆண்பிள்ளைக்கு இப்பருவத்தில் தசை திரள்கிறது. ஹீமோகுளோபின் அளவும் இயல்பாகவே உயர்கிறது. ஆகவேதான் 12 முதல் 14 வயது வரை இருபாலர்க்கும் டெசிலிட்டருக்கு 12 கிராம் என்றிருக்கும் குறைந்தபட்ச அளவு, 15 வயது முதல் ஆண்களுக்கு 13 ஆகிறது. பெண்பிள்ளையோ வளர்ச்சிக்குச் செலவிடும் அதே வேளையில் மாதந்தோறும் இரும்பை இழக்கவும் செய்கிறாள். உதிரப்போக்கு மிகுதியானால் உணவால் மட்டும் அந்த இழப்பை ஈடுசெய்வது கடினம். கட்டி கட்டியாகப் போவதையும், ஒரு மணி நேரத்தில் அணையாடை நனைந்துவிடுவதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதையே பல வீடுகளில் மகளுக்கு எவரும் சொல்வதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2020இல் வகுத்த அளவுகளைப் பார்ப்போம். 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பு போதும். 10 முதல் 12 வயதுப் பெண்ணுக்கு 28, 13 முதல் 15 வயதில் 30, 16 முதல் 18 வயதில் 32. வளர்ந்த ஆணுக்கு 19. அதாவது, உழைத்துக் களைத்து வரும் தந்தையைவிட அவருடைய பதினான்கு வயது மகளுக்கு ஒன்றரை மடங்கு இரும்பு தேவை. நம் வீட்டுப் பந்தியோ தலைகீழாக நடக்கிறது. குழம்பிலுள்ள மீனும் கறியும் முதலில் ஆண்களின் இலைக்குப் போகின்றன; அடிச்சட்டியில் எஞ்சியதே மகளுக்கும் தாய்க்கும். மகள் பூப்பெய்திய சில நாள்கள் மட்டும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் அவளைத் தேடி வருகின்றன. அவ்வுணவில் இரும்பு எவ்வளவு என்பது வேறு கேள்வி. வளரும் உடலுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதே இங்குப் பெரிது. அந்தக் கவனிப்பு சடங்குப் பந்தலோடு ஏன் அவிழ்க்கப்படுகிறது?

சைவ உணவிலுள்ள இரும்பில் உடல் ஏற்பது சிறு பங்கே. கீரையோடும் பயற்றோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் அந்தப் பங்கு கூடும்; உண்ட கையோடு தேநீர் பருகினால் வெகுவாகக் குறையும். காலையில் ஒரு குவளைத் தேநீரைப் பருகிவிட்டுப் பேருந்துக்கு ஓடும் பிள்ளைக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்?

அரசின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தை நாம் மனமார வரவேற்றோம், இன்றும் போற்றுகிறோம். ஆயினும் அது ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கென அமைந்தது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வயது எது? பெண்பிள்ளையின் இரும்புத் தேவை பதினைந்திலிருந்து இருபத்தெட்டுக்குத் தாவும் வயது. உடல் மிகுதியாகக் கேட்கத் தொடங்கும் ஆண்டில் தட்டை எடுத்துவிடும்படி ஒரு நல்ல திட்டம் வரையப்பட்டது நமக்கு ஆறாத வருத்தம். ரவை உப்புமா மட்டும் குருதியை வளர்த்துவிடாது என்பதையும் அறிவோம். கம்பு, பச்சைப் பயறு, முருங்கைக்கீரை ஆகியவை காலை உணவுப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீலநிற மாத்திரை தரப்படுகிறதே என்பர். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட அம்மாத்திரை நல்ல மருந்து. குடற்புழு நீக்க மாத்திரையும் உடன் வேண்டியதே. ஆனால் வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது. மலம் கறுக்கிறது, அது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லாததால் பிள்ளை அஞ்சுகிறாள். அடுத்த வாரம் மாத்திரை சன்னல் வழியே வெளியே விழுகிறது. 2023 மார்ச்சில் உதகையில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் இம்மாத்திரைகளைப் போட்டியாக அளவின்றி விழுங்கியதில் ஒரு சிறுமியின் உயிரே போயிற்று. மருந்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கேட்டில் குறித்துக்கொள்வது மருந்து கொடுத்ததாகாது. மதிய உணவுக்குப் பின், ஆசிரியர் கண்முன், ஒரு பிள்ளைக்கு ஒரு மாத்திரை. எஞ்சியவை பூட்டிய அலமாரியில். இதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை.

நிதி தேவைப்படுவது காலை உணவுக்கு. அதை முதலில் எட்டாம் வகுப்பு வரையிலும், அடுத்த ஈராண்டுக்குள் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் விரிவுபடுத்த வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு பிள்ளையின் ஹீமோகுளோபின் அளவையும் சோதித்து, மதிப்பெண் பட்டியலோடு பெற்றோர் கையில் தர வேண்டும். அளவு குறைந்த பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் பொறுப்பை ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படைக்க வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் இவற்றுக்கான ஒதுக்கீட்டை எதிர்பார்க்கிறோம்.