கம்பெனியைத் திட்டாதீங்க, குறும்பியைத் துடைங்க!

எங்க வகுப்புல வாரத்துக்கு ஒருத்தனாவது சொல்ற வசனம் இது: "மச்சி, இடது பக்கம் சத்தமே வரலைடா, டுபாக்கூர் கம்பெனி!" அந்த இயர்பட்ஸைக் கொஞ்சம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க மக்களே. குட்டி வலை மேல மஞ்சளா அப்பியிருக்கே, அது கம்பெனி வெச்சது இல்ல. உங்க சொந்தத் தயாரிப்பு. குறும்பி!

குறும்பி மேல எனக்குக் கோபம் இல்ல. காதைப் பாதுகாக்கத்தான் அது சுரக்குது. காதுக் குழாயோட தோல் மெதுவா வெளிப்பக்கமா நகரும், மெல்லும்போது தாடை அசையும், குறும்பி தானா வெளியே வந்துரும். நாள் முழுக்க வாசல்ல அடைப்பானைச் சொருகி வெச்சா அது எங்க போகும்? கொஞ்சம் உள்ளயே தங்கும், கொஞ்சம் வலையில ஒட்டும்.

சரி, மேட்டருக்கு வருவோம். சத்தம் குறைஞ்சதும் நம்மாளு என்ன பண்றான்? வால்யூமை ஏத்துறான். அது ரெண்டு பக்கமும்தானே ஏறும்? அடைச்ச பக்கத்துக்காக ஏத்தினது, அடைக்காத பக்கத்துக் காதுல போய் அறையுது. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினா நேரம் பாதி, அதாவது 83-க்கு 20 மணி நேரம்தான். உள்காதுல இருக்கிற முடி செல்கள் செத்துட்டா மறுபடி முளைக்காது. ஒரு பழைய டூத்பிரஷ் எடுக்கச் சோம்பல்பட்டதுக்கு இவ்வளவு பெரிய விலையா?

வேலை அஞ்சு நிமிஷம்தான். ரப்பரை மட்டும் தனியா கழட்டி சோப்புத் தண்ணியில கழுவி நல்லா காயவிடுங்க. இயர்பட்ஸை வலை கீழே பார்க்கிற மாதிரி பிடிச்சு, காஞ்ச பிரஷ்ஷால மெதுவா தேயுங்க, உதிர்ந்துரும். ஊக்கு, காம்பஸ் முனையெல்லாம் வேணாம், வலை கிழியும். வலை மேல சானிடைசர் ஊத்துற மேதைகளுக்குத் தனி வணக்கம் (கரைஞ்ச குறும்பி நேரா ஸ்பீக்கருக்குள்ளதான் இறங்கும்). சார்ஜ் பெட்டியையும் துடைங்க, அங்கேயும் சேர்ந்திருக்கும்.

"நான்தான் காதையே பட்ஸ் விட்டு சுத்தம் பண்றேனே"ன்னு ஒரு கூட்டம். அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளி இறுக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் பஸ்ல ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கிற நட்புத் திலகங்கள். இவங்க ஒரே டூத்பிரஷ்ஷை ரெண்டு பேரா உபயோகிப்பாங்களா? காதுல சீழோ அரிப்போ இருக்கிறவன் கேட்டாலும் துடைக்காமக் கூட குடுக்கிறாங்க!!! சின்னது பெரியதுன்னு உபரி ரப்பர் பெட்டியில சும்மாதானே கிடக்குது? துடைச்சிட்டு அதை மாட்டிக் குடுங்க. பொருந்தலைன்னு முனகினா சொந்தமா ஒண்ணு வாங்கிக்கச் சொல்லுங்க.