ஆழத்தில் முழக்கம் எதற்கு?

1971 டிசம்பர் தொடக்கத்தில் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கி மூழ்கியது. உள்ளே இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் தப்பவில்லை. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய குண்டுகளால் என்கிறது இந்தியா. உள்ளேயே நிகழ்ந்த விபத்து என்கிறது பாகிஸ்தான். அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

சங்கல்ப் ரெட்டி இயக்கி 2017இல் தமிழிலும் வந்த ‘காஸி’ படம் முடிச்சை அவிழ்க்கப் பார்க்கவில்லை, அறுத்தே விட்டது. கதை ராஜ்புத்தை ஒதுக்கிவிட்டு எஸ்-21 என்ற இந்திய நீர்மூழ்கியைக் களமிறக்குகிறது. கற்பனைக்கு உரிமை உண்டு, அதில் குறையில்லை. கண்ணிவெடியில் சேதப்பட்ட எஸ்-21, முன்னே நகர வழியின்றி மேலும் கீழுமாக மட்டும் அசையும் கட்டத்தில் நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். கே கே மேனனின் முரட்டுக் கேப்டனும் ராணாவின் நிதானமும் மோதுவதில் நாடகம் இருக்கிறது. ஆனால் எதிரியைச் சீண்ட தேசிய கீதம் ஒலிக்கத் தொடங்கியதும் கடல் காணாமல் போய் மேடை வந்துவிடுகிறது. வங்க அகதியாக வரும் டாப்ஸிக்கோ பயந்து பார்ப்பதைத் தவிர வேலையே இல்லை.

முழக்கம் இல்லாத கதை நம் பக்கத்திலேயே கிடக்கிறது. சிங்கப்பூரின் செம்பவாங்கைத் தாண்டினால் ஜோகூர் நீரிணை. 1945 ஜூலை 31 அன்று, எக்ஸ்இ-3 என்ற பிரிட்டிஷ் குட்டி நீர்மூழ்கி நால்வரோடு அதற்குள் நுழைந்து, ‘தகாவோ’ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் அடியில் புகுந்தது. மேலே கப்பல் இடித்ததால் கதவு முழுதாகத் திறக்கவில்லை. நால்வரில் ஒருவரான ஜேம்ஸ் மகினிஸ் அந்த இடுக்கில் நெளிந்து வெளியேறினார். கப்பலடியில் அப்பிக்கிடந்த கொட்டலசையும் பாசியையும் சுரண்டிச் சுரண்டித்தான் வெடிகளை ஒட்ட முடிந்தது. நீர் வற்றியதில் நீர்மூழ்கி கப்பலடியில் சிக்கிக்கொண்டது. ஒருவழியாக விடுபட்ட பிறகும், கழலாத ஒரு பாகத்தை அகற்ற அவர் மறுபடி நீரில் இறங்கினார். அவருக்கும் தளபதி இயன் ஃப்ரேசருக்கும் விக்டோரியா கிராஸ் வீரப்பதக்கம் கிடைத்தது.

‘தகாவோ’ 1944இலேயே டார்ப்பிடோவால் அடிபட்டு, கடலோட முடியாமல் நின்ற கப்பல். தாக்குதல் நடந்து இரண்டே வாரத்தில் ஜப்பான் சரணடைந்தது. அந்தத் துணிச்சலுக்குத் தேவை இருந்ததா? ‘காஸி’ கேட்கத் தயங்கும் இந்த வகைக் கேள்வியில்தான் போர்ப்படம் முதிர்ச்சி அடைகிறது. நால்வர் மட்டுமே அடையும் ஓர் இரும்பறை செட் போதும், படத்துக்குப் பெரும் பணம் வேண்டாம். இங்குள்ள நம் இளம் இயக்குநர்கள் யாராவது முன்வரலாமே!