பட்டா அறியாத சதுப்பு நிலம்

சென்னையில் வீட்டுமனை வாங்கும் புலம்பெயர் தமிழர் பட்டா, வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி ஆகியவற்றைத் தவறாது கேட்கின்றனர். யாவும் முறையாக இருந்தும் வீட்டினுள் வெள்ளம் புகுகின்றது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பள்ளிக்கரணையைச் சூழ்ந்த குடியிருப்புகள் நீரில் மூழ்கியபோது, பழி முழுவதும் மழையின்மீதே சுமத்தப்பட்டது. மழையா குற்றவாளி?

தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணையில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்தை அடைகின்றது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் இச்சதுப்பில், 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது ஏறத்தாழ 1,250 ஹெக்டேர் மட்டுமே. எஞ்சியது குப்பைமேடாகவும் சாலையாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிவிட்டது. 'கழுவெளி' என்று மக்கள் பெயரிட்ட நிலத்தை 'தரிசு' என்று பதிவேட்டில் எழுதிய பேனாவிலிருந்தே இவ்வழிவு தொடங்கிற்று.

பதிவேடு மறைப்பதை நிலம் மறைப்பதில்லை. சம்பங்கோரையும் கோரைப்புல்லும் தாமாகச் செழித்திருப்பின், அங்கே நீர் நெடுநாள் தேங்குகின்றது என்பது தெளிவு. (சீமைக்கருவேலம் சான்றாகாது, அது வறண்ட தரையிலும் தழைக்கும்.) ஒரு முழ ஆழம் தோண்டிப் பார்த்தால் மண்ணும் பேசும். நீரில் ஊறிய மண்ணில் உயிர்வளி அற்றுப்போக, அதிலுள்ள இரும்பு தன் செந்நிறத்தை இழந்து மண் சாம்பல் நிறம் கொள்கின்றது; வேர்கள் வழியே காற்று நுழைந்த இடங்களில் மட்டும் துருக்கோடுகள் படிகின்றன. அழுகிய முட்டை நாற்றமும் எழலாம். நீர் வடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் மண்ணின் நிற அடையாளங்கள் எளிதில் அழிவதில்லை. கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கியவர்கள் மறைத்தது மேற்பரப்பை மட்டுமே. மரத்தண்டிலும் சுற்றுச்சுவரிலும் ஒரே மட்டத்தில் படிந்த நீர்க்கறை, காய்ந்த வண்டல், நத்தை ஓடுகள் ஆகியவை நீர் ஏறிய உயரத்தைக் காட்டும்.

அரசின் வரைபடங்கள் இதனை ஈடுசெய்கின்றனவா? 2011இல் வெளியான தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்தவை வெறும் புள்ளிகளாயின. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளோ, பாசனத்திற்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளை வரையறையிலிருந்தே நீக்கின. தமிழகத்தின் ஏரிகள் பெரும்பாலும் மனிதர் அமைத்தவையே அல்லவா?

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டின் இராணுவப் பொறியாளர் கையேட்டின்படி செடி, மண், நீர் என்னும் மூன்றையும் களத்தில் ஆய்ந்தே ஈரநில எல்லை குறிக்கப்படுகின்றது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பாதுகாப்பின் பரப்பைக் குறுக்கியது உண்மை. களஆய்வு முறை கைவிடப்படவில்லை. குடியேறிய நாட்டில் இத்தகைய ஆய்வை இயல்பெனக் கொள்ளும் குடும்பங்கள், தாயகத்தில் மனை வாங்குகையில் மட்டும் அதனைக் கேளாதிருப்பது ஏன்?

முன்பணம் கொடுக்குமுன் குழி தோண்டி மண்ணைக் காட்டுமாறு விற்பவரிடம் கேட்க வேண்டும். மறுப்பவரின் மனையை வாங்கலாகாது. விடுமுறைக்கு ஊர் செல்லும் இளையோர் நீர்க்கறைகளைப் படமெடுத்து இடக்குறிப்புடன் தொகுக்கலாம். பார்வையிடும் காலம் மே மாதமாக இருத்தலாகாது, கார்த்திகை மழை ஓய்ந்த மறுவாரமாக இருக்க வேண்டும்.