ஒரு மரத்தின் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

மத்திய அதிவேக நெடுஞ்சாலைக்காக கம்பஹா, தரலுவ பகுதியில் ஒரு மரத்தை அகற்றலாமா என்று 2021இல் எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 2019இல் மீண்டும் அடையாளம் காணப்பட்ட ‘க்ருடியா சைலானிக்கா’ மரம் அது. வீதியா, மரமா என்றே விவாதம் நடந்தது. அது அந்த மரம்தான் என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வி அதற்கும் முந்தியது.

ஒரு தாவரத்தின் விஞ்ஞானப் பெயர் ‘டைப்’ எனப்படும் மூல மாதிரியோடு, பெரும்பாலும் தாளில் ஒட்டிய ஓர் உலர்ந்த கிளையோடு, பிணைக்கப்பட்டிருக்கிறது. 1958 ஜனவரி 1 முதல் புதிய இனத்துக்குப் பெயரிடுபவர் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். அதற்கு முன்னர் இந்தக் கட்டாயம் இருக்கவில்லை. ஆகவே பழைய பெயர்கள் பலவற்றுக்கு, எஞ்சியுள்ள தாள்களில் ஒன்றைப் பின்வந்தவர்கள் தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ‘லெக்டோடைப்’ என்பது அதுதான்.

இலங்கைத் தாவரங்களில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1849இல் பேராதனைப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற துவைட்ஸ், தன் மாதிரிகளுக்கு ‘சி.பி.’ இலக்கமிட்டு, பிரதிகளை லண்டன் கியூ முதலிய இடங்களுக்கு அனுப்பினார். அந்த இலக்கம் ஒரு மரத்தையோ ஒரு நாளையோ குறிப்பதல்ல. ஓரினம் என்று அவர் கருதியவை, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆண்டுகளில் பறிக்கப்பட்டிருந்தாலும், ஒரே இலக்கத்தில் சேர்ந்துவிடும். அவற்றில் இரண்டு இனங்கள் கலந்திருந்தால்? மலைநாட்டுத் தாளைத் தெரிந்தால் பெயர் மலைச் செடிக்குப் போகும்; தாழ்நிலச் செடி, வேறு பெயர் எதுவும் இல்லாவிட்டால், புதுப்பெயர் கிடைக்கும்வரை காத்திருக்கும். பெயரில்லாத செடி செம்பட்டியலில் ஏறுவது கடினம். சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையிலும் அது அயலிலுள்ள இன்னொன்றின் பெயரில் மறைந்துபோகும்.

முதலில் முறைப்படி செய்யப்பட்ட தெரிவே செல்லும் என்பதால் அவசரம் ஆபத்து. மூல விபரணத்தோடு பொருந்துகிறதா, பூவும் காயும் இருக்கின்றனவா, பெயரிட்டவரின் கையெழுத்துக் குறிப்பு உண்டா என்றெல்லாம் பார்க்கவேண்டும். இரு தாள்கள் சமமாக இருந்தால் பேராதனைத் தாளையே தெரியவேண்டும் என்பது என் எண்ணம். வெளிநாட்டுப் பிரதிகள் வீணல்ல. 1943 குண்டுவீச்சில் பெர்லின் காப்பகம் எரிந்தபோது பிற இடங்களிலிருந்த பிரதிகளே கைகொடுத்தன. கியூவின் தாள்களை இப்போது இணையத்திலும் பார்க்கலாம். ஆனால் படத்திலுள்ள பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்கு விமானச் சீட்டும் விசாவும் வேண்டும்.