கம்ப்யூட்டர் ஃபேனுக்கு மயில் நீலம்!

"டேய் தம்பி, உன் மருமக கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் போட்டு ஃபேனுக்குப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கா. உங்க அத்தான் முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கு. உடனே கிளம்பி வா!"

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அக்காவிடமிருந்து வந்த போன் இது. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் சொந்தக்காரர்களுக்கு அரை டாக்டர் மாதிரி. கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். போனேன்.

அக்கா மகள் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்துச் சம்பாதித்த காசில், ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பழசு பார்த்து வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் அது. பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட். உள்ளே மூன்று ஃபேன்கள். ஒன்று கறுப்பு, ஒன்று ஆரஞ்சு, ஒன்று மஞ்சள் பாய்ந்த வெள்ளை.

"கண்ணாடி வழியா பார்த்தா மூணும் மூணு ஊர்க்காரங்க மாதிரி இருக்கு மாமா. மூணையும் மயில் நீலமா மாத்தணும்னு ஆசை. புதுசு வாங்கக் காசு இல்ல."

அதனால் முந்தைய நாள், கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த எனாமல் பெயின்டை எடுத்து, ஃபேனைப் பிரிக்காமலே பிரஷ்ஷால் பூசியிருக்கிறாள். காய்ந்ததும் மாட்டி ஸ்விட்ச் போட்டால், கிரைண்டர் ஓடுவதுபோல கேபினெட்டே அதிர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கல்யாண வீடியோவை ஒப்படைக்க வேண்டும். அத்தான் முப்பது வருடமாக டூவீலர் மெக்கானிக். "நல்லா ஓடிட்டிருந்ததைக் கெடுத்துட்டா" என்று ஒரே வார்த்தை சொன்னவர், அதன்பின் மகளோடு பேசவில்லை.

முதலில் வீடியோவுக்கு வழி செய்தேன். கெட்டுப்போன ஃபேனைக் கழற்றிவிட்டு, மற்ற இரண்டும் ஓட, கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்தேன். சூட்டின் அளவைத் திரையில் பார்த்துக்கொண்டே வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன். பிறகு ஃபேனோடு தரையில் உட்கார்ந்தோம்.

இருபது சுற்று கணக்கு

ஃபேனில் பெயின்ட் பூசினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். வீட்டு சீலிங் ஃபேனை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு இறக்கை லேசாக வளைந்தாலும் ஃபேன் முழுக்க ஆடும். கம்ப்யூட்டர் ஃபேன் அதைவிட வேகமாகச் சுற்றுகிறது. 120 மி.மீ ஃபேன் நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நொடிக்கு 20 சுற்று. இறக்கை நுனியில் 0.1 கிராம் பெயின்ட் கூடுதலாகத் தங்கினால், அந்த வேகத்தில் அது சுமார் 9 கிராம் எடை தொங்குவதுபோல வெளிப்பக்கம் இழுக்கும். அதுவும் நொடிக்கு 20 முறை திசையைச் சுற்றிச் சுற்றி! சத்தம் வராமல் என்ன செய்யும்? நாளாக ஆக பேரிங்கும் தேயும்.

இன்னொன்று, இடைவெளி. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த ஒரு 120 மி.மீ ஃபேனில், இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே இருப்பது வெறும் 0.5 மி.மீ. அந்த மாதிரி ஃபேனில் தடிமனாகப் பூசினால் இறக்கை உரசிவிடும். பழுப்பு நிறத்துக்குப் பேர்போன அந்த ஃபேன், கறுப்பு நிறத்தில் கடைக்கு வர 2021 ஆகிவிட்டது. தயாரித்தவர்களுக்கே நிறம் மாற்ற அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

பிரிக்கும் விதம்

ஃபேனின் பின்பக்கம், நடுவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைக் கிழியாமல் உரித்தால் சிலவற்றில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதற்கும் கீழே தண்டின் முனையைப் பிடித்தபடி, ஒரு பக்கம் வெட்டுவிட்ட குட்டி பிளாஸ்டிக் வளையம். அதுதான் பூட்டு. ஊசி முனையால் மெல்ல விரித்து எடுக்க வேண்டும். துள்ளி ஓடினால் கட்டிலுக்கடியில் தேட வேண்டியதுதான். ஆகவே கையையும் ஃபேனையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டு எடுக்கச் சொன்னேன். மூன்றாவது முயற்சியில் வந்தது. குட்டி வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே பாட்டில் மூடியில் போட்டு, போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டாள்.

இறக்கையை வெளியே இழுத்ததும் அவள் கண் விரிந்தது. இறக்கையின் குமிழுக்குள் காந்த வளையம், நடுவில் தண்டு. சட்டத்தில் செம்புக் கம்பிச் சுருள்கள். "இவ்ளோதானா மாமா?" என்றாள். இவ்வளவுதான்.

எனாமலை நீக்கத் தின்னர் பாட்டிலைத் திறக்கப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். தின்னர் பல பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும். 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பொறுமையாகத் தேய்க்க வைத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, ஈரம் போகக் காயவைத்தோம். காந்தத்தையும் தண்டையும் மாஸ்க்கிங் டேப் போட்டு முழுக்க மூடினோம்.

டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஸ்ப்ரே போதும். மொட்டை மாடியில் முகமூடியோடு, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்திலிருந்து, பனி படர்வதுபோல லேசாக அடிக்க வேண்டும். முதல் பூச்சில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும். பதறக் கூடாது. கால் மணி நேர இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சு. பிறகு ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும்.

அத்தானின் உள்ளங்கை

சனிக்கிழமை மாலை திரும்பப் போனேன். தண்டில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு (தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும்), வாஷர்களையும் வளையத்தையும் மாட்டி, ஸ்டிக்கரை ஒட்டி ஓடவிட்டோம். கிரைண்டர் சத்தம் போயிருந்தது. ஆனால், வண்டு ரீங்காரம்போல ஓர் அதிர்வு மிச்சமிருந்தது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான் எழுந்து வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் கேபினெட் மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"வெயிட் ஒரு பக்கம் இழுக்குது. செலோ டேப் இருக்கா பாப்பா?"

இரண்டு நாள் கழித்து மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. நகக்கண் அளவு டேப் துண்டை ஓர் இறக்கையின் பின்புறம் ஒட்டி ஓடவிடச் சொன்னார். பிறகு நிறுத்தி, அதை உரித்து, அடுத்த இறக்கையில். ஒவ்வொரு முறையும் உள்ளங்கை. ஐந்தாவது இறக்கையில் ஒட்டியபோது ரீங்காரம் அடங்கியது. "அப்ப இதுக்கு எதிர்ப்பக்கம் கனம் ஜாஸ்தி. டேப் வெயில்ல இளகி விழுந்துடும். எதிர் இறக்கையோட பின்பக்கம் உப்புத்தாளால நாலு இழுப்பு இழு" என்றார். இழுத்தாள். டேப் இல்லாமலே ஃபேன் அமைதியானது.

"டூவீலர் டயர் ஆனா என்ன, இது ஆனா என்ன, சுத்துற சாமானுக்கு நியாயம் ஒண்ணுதான்" என்றபடி அவர் திண்ணைக்குப் போய்விட்டார். வீடியோவும் ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர்ந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்டால், செய்யட்டும். நாலு விஷயம் மட்டும் சொல்லி வையுங்கள். வாரண்டி உள்ள புது ஃபேனைப் பிரிக்க வேண்டாம், பிரித்தால் வாரண்டி போகும். பின்னால் வளையமே இல்லாத ஃபேன்களை நெம்பி இழுத்தால் உடையும், விட்டுவிடவும். முதல் சோதனை எப்போதும் தூக்கிப் போடவிருக்கும் ஃபேனில்தான். எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் ஃபேனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அது ஆளையே தூக்கிப் போடும்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். கண்ணாடிக்குள் இரண்டு ஃபேன்கள் மயில் நீலத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்றாவது, ஆரஞ்சு ஃபேன், திண்ணையில் பிரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அத்தான், மூக்குக் கண்ணாடியும் உப்புத்தாளுமாக.