புத்தகத்தில் இப்படி இல்லையே!



பிரபலமான மர்ம நாவல் ஒன்று படமாக வந்துவிட்டால் போதும். நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. ஒன்று, படித்த கட்சி. மற்றொன்று, படிக்காத கட்சி. தேர்தல் இல்லை, மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஆனாலும் படம் விட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் விவாதம் நடக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு இலை போட்ட பிறகும் அது ஓய்வதில்லை.

உங்கள் வீட்டில் யார் எந்த ரகம் என்று மனத்துக்குள் கணக்கெடுத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

முதல் ரகம், ஒப்பிட்டுப் பார்க்கிறவர். நாவலில் கதாநாயகி பச்சைப் புடவை உடுத்தியிருந்து, படத்தில் நீலப் புடவை உடுத்தி வந்தால் இவருக்கு மனம் ஆறாது. "புத்தகத்தில் இப்படி இல்லையே!" என்று இடைவேளைக்குள் பத்துத் தடவை சொல்லிவிடுவார்.

இரண்டாவது ரகம், முந்திரிக்கொட்டை. திரையில் கதவு திறப்பதற்கு முன்பே, கதவுக்குப் பின்னால் நிற்பது யார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவார். ரகசியமாகத்தான் சொல்வார், மூன்று வரிசைக்குக் கேட்கும்.

மூன்றாவது ரகம், கதையே தெரியாமல் வந்தவர். முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். கொட்டகையில் உண்மையான சந்தோஷம் யாருக்கு என்று கேட்டால், அது இவருக்குத்தான். முந்திரிக்கொட்டை பக்கத்தில் உட்காராதவரை!

இந்தக் கட்சிச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நம் சேலத்துக்காரர் ஒருவர் இதைச் சமாளித்துக் காட்டியிருக்கிறார்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் என்று எழுதிய பழைய முகப்பு வளைவு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த ஸ்டூடியோவின் வாசல் அது. வளைவு நிற்கிறது, ஸ்டூடியோ இல்லை. அதை நடத்திய டி. ஆர். சுந்தரம், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்து, நூல் ஆலைக்குப் பதிலாகப் படச்சுருளில் இறங்கிய மனிதர். 1963-ல் அவர் காலமானார்.

அவர் 1950-ல் எடுத்த படம் 'திகம்பர சாமியார்'. மூலக்கதை, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் எழுதிய துப்பறியும் நாவல். 'கும்பகோணம் வக்கீல்' என்ற பெயரும் அதற்கு உண்டு. ஐயங்காரைப் பற்றிப் புதிதாக அறிமுகம் வேண்டுமா? உங்கள் பாட்டியைக் கேட்டால், தம் பாட்டி அவரைத் திருட்டுத்தனமாகப் படித்த கதையைச் சொல்லக்கூடும். சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு, நாவல் எழுதியே பிழைத்துக் காட்டியவர். 'மனோரஞ்சனி' என்ற பத்திரிகையையும் நடத்தினார். நாவல் படித்தால் பெண்பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் கண்டித்த காலம் அது. கண்டித்தவர்களே ராத்திரியில் விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டு அவரைப் படித்தார்கள் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்! அவருடைய 'மேனகா' 1935-லேயே டாக்கியாக வந்துவிட்டது. ஆனால் 'திகம்பர சாமியார்' திரைக்கு வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை, 1942-லேயே மறைந்துவிட்டார்.

எனவே, படம் வந்தபோது கொட்டகையில் கதை தெரிந்தவர்களும் கணிசமாக இருந்திருப்பார்கள். மர்மக் கதையை, அதன் மர்மம் தெரிந்தவர்களுக்குக் காட்டுவது எப்படி? விடுகதைக்கு விடை தெரிந்தவனிடம் அதே விடுகதையைப் போடுவது போலத்தானே!

படித்த கட்சியின் முதல் மனக்குறை எப்போதும் முகத்தைப் பற்றியது. நாவல் படிக்கும்போது கதாநாயகனுக்கு நாமே ஒரு முகம் கொடுத்துவிடுகிறோம். பத்திரிகையில் ஓவியர் ஒரு முகம் போட்டுக் காட்டினாலும், அதையும் கொஞ்சம் திருத்தி நமக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்கிறோம். பிறகு திரையில் வேறு யாரோ வந்து, "நான்தான் அவன்" என்று நின்றால், பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையை மாற்றிக் காட்டியதுபோல் இருக்கிறது.

திகம்பர சாமியாராக வந்தவர் எம். என். நம்பியார். அதே 1950-ல், அதே மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' படத்தில் சூழ்ச்சிக்கார ராஜகுருவாக நடித்தவர்! அந்த ராஜகுருவைப் பார்த்துச் சபித்த ஜனங்களே, துப்பறியும் சாமியாராக அவரை நம்பவேண்டும். ஆனால் இந்தப் படத்தில் நம்பியாருக்கு ஒரு வேடமல்ல, 11 வேடங்கள். துப்பறிகிறவரே நொடிக்கு ஒரு முகம் மாற்றிக்கொண்டு வந்தால், "நான் நினைத்த முகம் இதில்லையே" என்று யார் சண்டைக்கு வர முடியும்? "அடுத்தது எந்த முகம்?" என்றுதான் கேட்கத் தோன்றும். கதை தெரிந்தவருக்கும் அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. படித்த கட்சியும் படிக்காத கட்சியும் அங்கே ஒரே பெஞ்சியில் உட்கார்ந்துவிடலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மர்மக் கதையில் "யார்?" என்ற கேள்வி ஒரு தடவைதான் வேலை செய்யும். "எப்படி?" என்ற கேள்வி நூறு தடவை வேலை செய்யும். செல்வாக்குள்ள வக்கீல் ஒருவரிடமிருந்து உண்மையைச் சாமியார் எப்படி வரவழைக்கிறார் என்பதுதான் அந்தப் படத்தின் ருசி. அந்த வழியை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நானும் முந்திரிக்கொட்டைதான்!

படித்த கட்சிக்கு இன்னொரு மனக்குறை உண்டு, அது நியாயமானது. தொடர்கதையை நாம் எப்படிப் படிக்கிறோம்? கதாநாயகி கிணற்றடியில் ஏதோ நிழலைப் பார்த்து "வீல்" என்று அலறுகிறாள். 'தொடரும்' என்று போட்டுவிடுகிறார்கள். அடுத்த இதழ் வர ஏழு நாள். அந்த ஏழு நாளும் மாவு அரைக்கும்போதும், குழாயடியில் குடத்தோடு நிற்கும்போதும், எதிர் வீட்டு அக்காவோடு அந்த நிழல் யாருடையது என்று துப்புத் துலக்குகிறோம். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! ஆறு மாதம் நம்மோடு குடித்தனம் பண்ணிய கதையை, மூன்று மணி நேரத்தில் அவசர அவசரமாகச் சொல்லி அனுப்பிவிட்டால் வருத்தமாக இராதா? படத்தில் இருக்கிற ஒரே 'தொடரும்' இடைவேளைதான். சோடா குடிக்கும் பத்து நிமிஷத்தில் எவ்வளவு துப்புத் துலக்க முடியும்?

ஆகவே திரைப்படக்காரர் கதையைச் சுருக்கத்தான் வேண்டும். சில பாத்திரங்களை விட்டுவிடத்தான் வேண்டும். முடிவையே மாற்றினால்? அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. துப்பறியும் கதைகளின் மகாராணியான அகதா கிறிஸ்டி 1939-ல் வெளியிட்ட நாவல் ஒன்றில், பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக மடிகிறார்கள். 1943-ல் அதை நாடகமாக்கியபோது, முடிவை மாற்றியவர் வேறு யாருமல்ல, ஆசிரியையேதான்! 1945-ல் வந்த படமும் நாடகத்தின் முடிவையே எடுத்துக்கொண்டது. நம் ஊரில் எஸ். பாலசந்தர் 1970-ல் கொண்டுவந்த 'நடு இரவில்' படத்துக்கும் வித்து அந்தக் கதைதான்.

புடவை நிறம் மாறலாம், முடிவுகூட மாறலாம். மாறக்கூடாதது கதையின் நாணயம். குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் துப்பு நம் கண் முன்னாலேயே எங்காவது கிடந்திருக்க வேண்டும். கடைசி ரீலில் திடீரென்று புதிய ஆள் ஒருவரைக் கொண்டுவந்து, "இவன்தான் கொலைகாரன்" என்றால், அது ஏமாற்று. அப்படிச் செய்யும் படத்தை நீங்கள் தாராளமாகத் திட்டலாம். படிக்காத கட்சியும் உங்களோடு சேர்ந்து திட்டும்.

அந்தப் படிக்காத கட்சியைப் பற்றித்தான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

1951-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் 100 பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 9 பேர்கூட இல்லை. 'திகம்பர சாமியார்' வெளிவந்ததற்கு அடுத்த வருஷத்துக் கணக்கு இது. அம்மாப்பேட்டையில் தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்மணியையும், ராசிபுரம் பக்கத்தில் கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தவரையும் நினைத்துப் பாருங்கள். வடுவூர் ஐயங்காரின் நாவல் அவர்களுக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்? வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்கவேண்டும். இல்லாவிட்டால் டூரிங் கொட்டகை ஊருக்கு வரவேண்டும். மணல் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் பொறுமையாகக் காத்திருந்து, அவர்கள் பார்த்த படம்தான் அவர்களுடைய புத்தகம். "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டால், "உனக்குப் படிக்கத் தெரியாதே" என்று சொல்வதாகத்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடம், கல்லூரி என்று போய்ப் படித்தாயிற்று. ஆனாலும் கண் மங்கிய அம்மாயிகள் இருக்கிறார்கள். வேலைக்கும் சமையலுக்கும் நடுவே ஒரு பக்கம் படிக்க நேரமில்லாத மருமகள்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி வீட்டுத் திரையில் எல்லாரும் சேர்ந்து ஒரு மர்மப் படம் பார்க்கும்போது, அவர்களுக்கு அந்தக் கதை அன்றைக்குத்தான் பிறக்கிறது. அது பிறப்பதற்கு முன்பே ஜாதகத்தை முழுக்கப் படித்துக் காட்டிவிடலாமா?

அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகம் 1952-ல் லண்டனில் அரங்கேறியது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் நடிகர் ஒருவர் மேடைக்கு வந்து, கொலையாளி யார் என்பதை வெளியே போய்ச் சொல்லவேண்டாம் என்று ஜனங்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். முன்பின் தெரியாதவர்களிடம்கூட அந்த ரகசியத்தை ஒப்படைக்கிறார்கள். நம்முடைய வீட்டு மனிதர்களுக்காக நாம் அதைச் செய்யக்கூடாதா?

ஆகையால், வாசகிகளே, அடுத்த தடவை நீங்கள் படித்த நாவல் படமாக வந்தால், படிக்காத ஒருவரைப் பார்த்துக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். முடிவு தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். திரையை ஒரு கண்ணாலும் அவர் முகத்தை ஒரு கண்ணாலும் பாருங்கள். நீங்கள் முதல் முதலில் அந்த அத்தியாயத்தைப் படித்தபோது உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். படம் முடிந்த பிறகு, "புத்தகத்தில் இப்படி இல்லை, அம்மாயி, அது எப்படியென்றால்..." என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லுங்கள்.

அப்போது அவர் கேட்பார், ஆசையோடு கேட்பார்.